அங்க அடையாளங்கள்

பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு வரி இருக்கும். வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு என்று இரண்டு குறி. எழுத்தர் நிமிர்ந்து ஒரு தடவை பார்ப்பார், எழுதிக்கொள்வார், அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதிக்கு நம் ஆட்களை ஏற்றி வந்த கப்பல்களின் பட்டியல்களைப் பார்க்கிற வரை அந்த வரியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு நடாலின் துறைமுகமான டர்பனுக்கு, நான் இப்போது இருக்கும் ஊருக்கு, வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் கரும்புத் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். அதோடு அங்க அடையாளம். நெற்றியில் தழும்பு, முன்கையில் மச்சம், கெண்டைக்காலில் வடு. பல வரிகளில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். எழுதியிருக்கிற இடங்களில், அந்த மனிதரின் உடம்பைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தச் சில சொற்கள்தான்.

அந்தச் சில சொற்களிலிருந்துதான் இப்போது நான் வரைந்துகொண்டிருக்கும் எண்ணெய் வண்ண ஓவியத் தொடர் தொடங்கியது. எல்லாமே ஆள் உயரத்துக்கு நெருக்கமான உருவ ஓவியங்கள். இன்னும் முடியவில்லை. ஆனாலும் என்ன செய்கிறேன், ஏன் இப்படிச் செய்கிறேன் என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் டர்பனில் பிறந்தவள் இல்லை. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும், பேரப்பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆயாக்களும் தாத்தாக்களும் பழக்கமானார்கள். நான் இந்தியாவிலிருந்து வந்தவள், தமிழ் படிக்கத் தெரிந்தவள் என்பது பரவியதும், ஒவ்வொருவராகக் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள். கப்பல் பட்டியலின் நகல். "என்னம்மா, இந்த ஊரு எங்க இருக்கு, பார்த்துச் சொல்லு." ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஜில்லா வட ஆற்காடு என்றால் அந்தப் பக்கத்துக் கிராமப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று தேடுவோம். சில நாள் கண்டுபிடித்துவிடுவோம். பல நாள் முடியாது.

ஊர் கிடைக்காதபோது அவர்கள் கண் பட்டியலின் அடுத்த கட்டத்துக்குப் போகும். அப்படித்தான் ஒரு ஆயா, தன் தாத்தாவின் அப்பா பெயருக்கு நேரே இருந்த குறிப்பை விரலால் தொட்டுக் காட்டினார். வலது புருவத்துக்கு மேல் தழும்பு. "இது எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா இருந்திருக்கு, இல்லையா?" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கரித்துண்டை எடுத்து ஒரு புருவம் வரைந்து பார்த்தேன். புருவத்தோடு நின்றுவிட்டேன். கீழே ஒரு கண்ணை நானாகக் கற்பனை செய்து போட எனக்கு மனசு வரவில்லை.

அந்தத் தயக்கத்திலிருந்துதான் தொடரின் முதல் விதி வந்தது. இறந்தவர்களின் முகத்தை நான் இட்டுக்கட்ட மாட்டேன்.

இதைச் சொன்னால் இங்கே சிலருக்குக் கொஞ்சம் வருத்தம். ஒவ்வொரு நவம்பர் 16-ம் வரும்போது, பின்னால் கப்பல், முன்னால் மூட்டையோடு ஒரு குடும்பம், கண்ணில் நீர் என்று படங்கள் வரும். அந்தப் படங்களைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும், அந்த அழுகை உண்மையானது. ஆனால் அப்படி இட்டுக்கட்டும் முகம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நாம் ஏற்கெனவே பார்த்துப் பழகிய முகங்களிலிருந்துதான் வருகிறது. எண்ணெய் வண்ணத்தில் நம் மக்கள் மனதில் முகம் என்று பதிய வைத்தவர் ரவிவர்மா. 1894-ல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கிய பிறகு அந்த லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள், கடல் தாண்டியும் போனார்கள். இங்கே சாட்ஸ்வர்த்தில் நான் போகும் வீடுகளின் பூஜை அறையில் அந்த வழியில் வந்த படங்கள்தான் இன்றும் மாட்டியிருக்கின்றன. அவருடைய திறமையைப் பற்றிப் பேச எனக்கு வயது போதாது. பட்டுப்புடவையின் மடிப்பை எண்ணெயில் எப்படிக் கொண்டு வருவது என்று அவரைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். ஆனால் அந்தத் தோல்? ரோஜாப்பூ கலந்த வெண்மை. வட ஆற்காட்டு வெயிலில் களை பறித்துவிட்டு, கப்பலில் வந்து, நடால் வெயிலில் கரும்பு வெட்டிய ஒரு பெண்ணுக்கு அந்தத் தோலைப் போட்டால் அவளை மறுபடியும் அழித்ததாகத்தான் ஆகும்.

ஆக, இருப்பவர்களை வரைவது என்று முடிவு செய்தேன். அந்தப் பட்டியலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். என் அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். அவர்கள் வந்து உட்காருவார்கள், நான் பார்த்து வரைவேன். எந்த உடையில் வருகிறார்களோ அதுதான் உடை. ஸ்வெட்டர், பாவாடை, கைத்தறிப் புடவை, மருத்துவமனையில் கொடுத்த செருப்பு, எதுவானாலும் சரி. 1860-ன் உடையை வாடகைக்கு எடுத்து யாருக்கும் மாட்டிவிடுவதில்லை.

ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் எங்கள் ஆசிரியர் வடக்கு ஜன்னல் என்று மந்திரம் மாதிரி சொல்வார். நேர் வெயில் விழாத, நாள் முழுக்க மாறாத வெளிச்சம் வேண்டும் என்றால் ஜன்னல் வடக்குப் பார்த்திருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்ததும் கணக்கு தலைகீழ். டர்பனில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, அதனால் ஓவியனுக்குத் தெற்கு ஜன்னல். தெற்கிலிருந்து வருகிற இந்த வெளிச்சம் குளிர்ந்தது, கொஞ்சம் நீலம் கலந்தது. அது கறுத்த தோலின் மேல் விழும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது.

கடையில் 'ஃபிளெஷ் டின்ட்' என்று பெயர் போட்ட ஒரு டியூப் கிடைக்கும். சதை நிறம் என்று அர்த்தம். திறந்தால் வெளிறிய ரோஜா நிறம். உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சதை அந்த நிறத்தில் இல்லை, ஆனாலும் பெயர் அப்படித்தான் இருக்கிறது. அதைத் தூரப் போட்டுவிட்டு என்ன செய்வது? ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் யோசனை, பழுப்பில் கறுப்பைக் கலப்பது. கலந்து பாருங்கள், தோல் செத்துப்போகும். ஐவரி பிளாக் பழுப்பின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது, சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடுகிறது. நம் தோலில் கறுப்பு என்று ஒரு நிறமே கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன்.

ஒரு ஆயாவின் முன்கையை எடுத்துக்கொள்கிறேன். துணி ஆலையில் பல வருஷம் தைத்த கை. ஜன்னல் பக்கம் இருக்கிற மேல்புறத்தில் வெளிச்சம் பட்ட இடம் பழுப்பே இல்லை, கிட்டத்தட்ட நீலச் சாம்பல். வானத்தைத் தோல் திருப்பிக் காட்டுகிறது. அங்கே டைட்டானியம் வெள்ளையோடு அல்ட்ராமரின் நீலம் ஒரு துளி, ரா அம்பர் என்ற மண் பழுப்பு ஒரு துளி. அதற்குப் பக்கத்தில், வெளிச்சம் திரும்புகிற இடத்தில்தான் உண்மையான நிறம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும், கொஞ்சம் எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும். அதைத் தாண்டி நிழலுக்குள் போனால் பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும், அதில் அலிசரின் கிரிம்சன் மிகக் கொஞ்சம், தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிறது இல்லையா. அப்புறம் கையின் அடிப்பக்கம். அவருடைய மஞ்சள் புடவையிலிருந்து வெளிச்சம் எகிறி அங்கே விழுகிறது, நிழலுக்குள் ஒரு மெல்லிய பொன் கோடு. ஒரே முன்கையில் இத்தனை. முழங்கை மடிப்பு இன்னும் கறுப்பு, உள்ளங்கை இன்னும் வெளுப்பு, நகத்தைச் சுற்றி ஊதா. நல்ல கறுத்த தோலை எண்ணெயில் வரைவதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

எண்ணெய் வண்ணம்தான் இதற்குச் சரி என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதன் நிதானம். அக்ரிலிக் தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும், நிமிஷக் கணக்கு. எண்ணெய் வண்ணம் அப்படி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது, அதற்கு நாட்கள் ஆகும், வாரங்கள் ஆகும். அதனால் நேற்று வைத்த நிழலை இன்று வந்து பக்கத்து நிறத்தோடு இழைக்கலாம். வைத்தது பிடிக்கவில்லை என்றால் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். ஒரு உடம்பை அவசரப்படாமல் பார்க்க அது நேரம் தருகிறது.

டர்பனின் கடற்காற்று இந்த நேரத்தை இன்னும் நீட்டுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் ஈரம் அடர்ந்து நிற்கும், தடித்துப் பூசின இடம் விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அடி வண்ணத்தை ரா அம்பரில்தான் போடுகிறேன். அம்பர் மண்ணில் மாங்கனீஸ் இருக்கிறது, அது எண்ணெயைச் சீக்கிரம் இறுகவைக்கும். வெள்ளைக் கேன்வாஸில் நேராக ஆரம்பிப்பதில்லை. முதலில் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுக்கத் தேய்த்துவிடுவேன். வெள்ளையின் மேல் எந்தத் தோலும் கறுப்பாகத் தெரியும். மண் நிறத்தின் மேல் வைத்தால்தான் அதன் வெளிச்சமும் தெரியும், நிழலும் தெரியும். அது காய்ந்த பிறகு உருவம். கீழ்ப் பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம். இதை மாற்றிச் செய்தால் மேல்தோல் முதலில் இறுகி, அடியில் இருப்பது பின்னால் காய்ந்து சுருங்கும்போது ஓவியம் வெடித்துவிடும். இன்னொன்று, வீட்டில் எண்ணெய் வண்ணம் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் இறுகும்போது சூடு வரும், குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். நான் மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் முக்கி வைக்கிறேன்.

சரி, அந்தக் குறிகளுக்கு வருகிறேன்.

அவற்றை ஏன் எழுதினார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்களுக்கு அதில் பாதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் குற்றம், பிடிபட்டால் சிறை. ஓடிப்போனவர் பெயரை மாற்றிச் சொல்லலாம், ஊரை மாற்றிச் சொல்லலாம். புருவத்துக்கு மேல் இருக்கும் தழும்பை மாற்ற முடியாது. அந்தக் கட்டத்தை நிரப்பிய எழுத்தர் ஒரு உடம்பை உற்றுப் பார்த்தார், குறி கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நானும் உடம்பை உற்றுப் பார்க்கிறவள்தான். இந்த ஒற்றுமை என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டி நான் எவ்வளவு தூரம் பார்க்கிறேன் என்பதில்தான் இந்த ஓவியங்களின் நியாயமே இருக்கிறது.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் ஒரு ஆயா. மேகசின் பாராக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்த இடம் அது, தமிழும் தெலுங்கும் புழங்கிய குடியிருப்பு. 1950-ல் வந்த, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் பேரில், அறுபதுகளில் அவர்களை எல்லாம் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயா உட்கார்ந்தபோது மேல்கையில் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது. என் கண் அங்கே போய் நின்றதை அவர் பார்த்துவிட்டார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இத போடாதம்மா."

"சரிங்க ஆயா, போட மாட்டேன்."

"எங்க தாத்தாவுக்கு இருந்தத அவங்க கேட்காம எழுதிக்கிட்டாங்க. இது என்னோடது."

அவ்வளவுதான் சொன்னார், பிறகு மருமகள் பேச்சுக்குப் போய்விட்டார். அந்த ஓவியத்தில் சால்வை இருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை, கை அதைப் பிடித்திருக்கும் இடத்தில் விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றன. தொடரில் இதுவரை எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தழும்பு தெரியாத இடத்தில்தான் அந்த உடம்பின் முழு பலமும் வந்து நிற்கிறது. அன்றிலிருந்து உட்காருகிற ஒவ்வொருவரையும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது.

இதற்கு நேர் எதிராக இன்னொருவர். மவுண்ட் எட்ஜ்கோம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த தாத்தா. அந்த ஆலை இப்போது இல்லை, சுற்றியிருந்த கரும்பு நிலத்தில் கோல்ஃப் மைதானமும் வேலி போட்ட வீடுகளும் வந்துவிட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது, புனித வெள்ளி விடுமுறையில் அங்கே திருவிழாக் கூட்டம் அலைமோதும். தாத்தாவுக்கு வலது முன்கை முழுக்கக் கொதித்த கரும்புச் சாறு தெறித்த வடுக்கள். சட்டைக்கையைத் தானே மடித்துவிட்டு, "எல்லாத்தையும் போடு, ஒண்ணு விடாம போடு" என்றார். உட்கார்ந்த பிறகு குனிந்து கரும்பு வெட்டுவது போல நின்று காட்டட்டுமா என்று கேட்டார். அவர் அப்பா செய்த வேலை அது. எழுந்து நின்று, என் கேன்வாஸ் குச்சியைக் கத்தியாகப் பிடித்து, இடுப்பை வளைத்தார். வளையவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு, "ஆலைல நான் நின்னுக்கிட்டேதான் வேலை செஞ்சேன். நிக்கிற மாதிரி போடு" என்றார்.

அதனால் அவர் நிற்கிறார். கைகள் இரண்டும் சும்மா தொங்குகின்றன.

உழைப்பாளியை உருவமாக்குவது என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது மெரினா. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, 1959-ல் வைத்தது. பாறையைப் புரட்டும் அந்த நால்வரின் முதுகும் கெண்டைக்காலும் மாதிரி ஒரு இறுக்கத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் அதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டியது ஜெரார்ட் செகோட்டோவின் 'சாங் ஆஃப் தி பிக்' என்ற எண்ணெய் ஓவியம். நாற்பதுகளில், அவர் 1947-ல் பாரிஸுக்குப் புறப்படும் முன் வரைந்தது. கறுப்பினத் தொழிலாளிகள் வரிசையாகக் குந்தாலியை ஓங்கி நிற்கிறார்கள், வெள்ளைக்கார மேற்பார்வையாளர் அவர்களுக்கு முன்னால் ஒல்லியாகத் தெரிகிறார். யாருடைய உடம்புக்கு எவ்வளவு இடம் என்பதை மாற்றியதிலேயே செகோட்டோ அரசியலைப் பேசிவிட்டார். உருவ ஓவியம் வரைகிற எவரும் அதன் முன்னால் உட்கார்ந்து பாடம் படிக்கலாம்.

ஆனால் நான் வேலை செய்யும் உடம்பை வரையவில்லை. யோசித்துத்தான் அப்படி முடிவு செய்தேன். கப்பல் பட்டியலுக்கு வேலை செய்யும் உடம்பு மட்டும்தான் தேவைப்பட்டது. எத்தனை வயது, வெட்டத் தெம்பு இருக்கிறதா, ஓடினால் எப்படிப் பிடிப்பது. அந்த உடம்பு சாயங்காலம் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்ததும், பிள்ளைக்குத் தலை வாரியதும், உடம்பு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டதும், காரணமில்லாமல் சும்மா படுத்துக் கிடந்ததும் எந்தக் கட்டத்திலும் இல்லை. எனக்கு அவைதான் வேண்டும். ஒரு ஓவியத்தில் ஒரு அக்கா தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொள்கிறார். இன்னொன்றில் ஒரு மாமா தூங்குகிறார், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. உட்கார வைத்த நேரத்தில் உண்மையிலேயே தூங்கிவிட்டார், நான் எழுப்பவில்லை.

பெண்கள் அதிகம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆமாம், அதிகம்தான். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று விதி வைத்து ஏற்றி அனுப்பினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பட்டியலில் தனியாளாகத்தான் வருகிறார்கள், பக்கத்தில் கணவன் பெயர் கிடையாது. ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு எங்கேயும் ஒரு சொல் இல்லை.

வள்ளியம்மையை வரையலாமே என்று பலர் கேட்டார்கள். தில்லையாடி எங்கள் பக்கத்து ஊர், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் தலைவரியை எதிர்த்த 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோன பிள்ளை. அவள் முகம் நம்மிடம் இருக்கிறது, சிலை இருக்கிறது, தபால்தலை இருக்கிறது. இந்தத் தொடர் முகம் கிடைக்காதவர்களுக்கு.

எங்கே மாட்டுவது என்ற கேள்வி பாக்கி. நகர மண்டபத்தில் இருக்கும் டர்பன் கலைக்கூடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1910-ல் திறந்த கட்டடம், உயரமான கூடங்கள், பெரிய கேன்வாஸுக்கு ஏற்ற சுவர். ஆனால் எனக்காக உட்கார்ந்தவர்களில் பலர் அதற்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. பேருந்து பிடித்து நகரத்துக்குள் வந்து, படியேறி, தன் முகத்தைத் தானே பார்க்க ஒரு ஆயா வருவாரா? வரமாட்டார். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம கோயில் மண்டபத்துல மாட்டுவியா?" ஒரு கோயில் குழுவிடம் பேசினேன். சட்டையில்லாத முதுகோடு ஒரு தாத்தா இருக்கும் ஓவியம் கல்யாண மண்டபத்துக்குச் சரிப்படாது, மற்றவற்றை மாட்டலாம் என்றார்கள். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. காவடி எடுக்கும் நாளில் அதே மண்டபத்தில் சட்டையில்லாத முதுகுகள்தானே நிறைந்திருக்கின்றன. அந்த முதுகுகளில் அலகு குத்தியிருக்கும், அதை நாம் கும்பிடுகிறோம். எல்லாம் மாட்டினால் மாட்டுவது, இல்லையென்றால் வேறு மண்டபம் பார்ப்பது என்று சொல்லிவிட்டு வந்தேன். தாத்தாவின் முதுகை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் மாட்ட என்னால் முடியாது. பேச்சு இன்னும் நடக்கிறது, அவர்களும் பிடிவாதக்காரர்கள் இல்லை.

எப்படியும் உடனே மாட்ட முடியாது. எண்ணெய் உள்ளுக்குள் நன்றாக இறுகி முடிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும், அதற்குப் பிறகுதான் வார்னிஷ் பூச வேண்டும். வார்னிஷ் பூசினால்தான் அம்பர் நிழல்களின் மங்கல் போய் ஆழம் திரும்ப வரும். கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி வைத்திருக்கிறேன், மழை இல்லாத நாளில் ஜன்னல் எல்லாம் திறந்துவிடுகிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் உட்கார்ந்தவர் தன் பெயரைத் தன் கையால் எழுதுகிறார். தமிழ் எழுத வருகிறவர்கள் தமிழில், மற்றவர்கள் அவர்களுக்கு வந்த எழுத்தில். அதற்குப் பக்கத்தில் நான் எண் எதுவும் போடுவதில்லை.

காத்திருக்கும் இந்த நேரத்தில் தொடரில் ஒரு பெரிய குறை எனக்கு உறுத்துகிறது. இதுவரை உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கரும்பு, நகராட்சி, துணி ஆலைக் குடும்பங்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். 1913-ல் வேலைநிறுத்தம் தொடங்கியதே வடக்கு நடாலில் இருக்கும் நியூகாசிலில், சுரங்கத் தொழிலாளிகளிடமிருந்துதான். அந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவர்கூட இன்னும் என் நாற்காலியில் உட்காரவில்லை. நியூகாசில், டண்டீ பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். டர்பன் வரை அவர்கள் வர வேண்டியதில்லை, கேன்வாஸையும் வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். தெற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தால் போதும். உட்காரும் நேரத்துக்குக் கூலி கொடுக்கிறேன், எல்லோருக்கும் ஒரே கூலிதான். எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும்.